அக்கானிக் கலயமும் சுண்ணாம்பும்

வேதிவினைகளைப் பள்ளிப் பாடநூல் ஐந்தாகப் பிரிக்கிறது: சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல். ஒரு சமன்பாட்டைக் கொடுத்து அது எந்த வகை என்று கேட்பது பத்தாம் வகுப்புத் தேர்வின் நிரந்தரக் கேள்வி. காட்டாக்கடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார எல்லை ஊர்களில் இந்த ஐந்தும் பாடநூல் வருவதற்கு வெகு காலம் முன்பே தொழிலாக நடந்தவை. பனையேற்றம், சுண்ணாம்பு நீற்றுதல், கருப்பட்டி காய்ச்சுதல் ஆகியவையும், பின்னாளில் வந்து சேர்ந்த ரப்பரும் அந்தத் தொழில்கள். இவற்றில் பெரும்பாலானவற்றின் நடுவில் சுண்ணாம்பு இருக்கிறது. அதன் பின்னாலேயே சென்றால் வகைகள் ஒவ்வொன்றாக எதிர்ப்படும். எந்த வகையிலும் அடங்காத சில வினைகளும் வழியில் வரும்.

இந்த நிலப்பகுதி பழைய திருவிதாங்கூரின் தென்பகுதி. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே விழுந்தது. காட்டாக்கடை தனி வட்டமானது 2014-இல்தான். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வர வர, தென்னையோடு பனையும் கூடிக்கொண்டே போகும். இந்த மாற்றத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகள் தவறாமல் கவனித்திருக்கிறார்கள். பாறசாலையில் பணிசெய்த ஜான் ஆப்ஸ் தம் திருவிதாங்கூர் அனுபவங்களை 1870-இல் நூலாக்கினார். சாமுவேல் மட்டீர் எழுதிய திருவிதாங்கூர் நூல் 1871-இல் வந்தது. அதில் பனையேறும் நாடார்களின் வாழ்வு விரிவாக இடம்பெற்றது. பனை, தென்னை ஏறுவோர்மீது அரசு வரி போட்டதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு 849-இல் வழங்கிய செப்பேடு, மரமேறும் ஏணிக்கான வரியாகிய ஏணிக்காணத்திலிருந்து சில குடிகளுக்கு விலக்கு அளிக்கிறது. விலக்கு என்றால் வரி அதற்கு முன்பே இருந்தது என்றுதான் பொருள்.

பனையேறியின் இடுப்பில் பாளை சீவும் அரிவாள் இருக்கும். கூடவே சுண்ணாம்பும் இருக்கும். காலையும் மாலையும் மரமேறிப் பாளை நுனியை மெல்லிதாகச் சீவி, சொட்டும் சாற்றைக் கலயத்தில் பிடிப்பது வேலை. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது அக்கானி. மற்ற ஊர்களில் அதையே பதநீர் என்பார்கள். தடவாவிட்டால் கிடைப்பது கள். மரம், பாளை, சாறு எல்லாம் ஒன்றே. ஒரு விரல் சுண்ணாம்பு இரண்டையும் பிரிக்கிறது.

அந்தச் சுண்ணாம்பு பெரும்பாலும் சிப்பியிலிருந்து வந்தது. காயல்களில் வாரிய கக்காவும் கடற்கரைச் சிப்பியும் வேதியியலில் கால்சியம் கார்பனேட். காளவாயில் சிப்பியையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டுக் காற்று ஊதி எரிப்பார்கள். உள்ளே ஒரே நேரத்தில் இரண்டு வினைகள் நடக்கின்றன. கரி ஆக்சிஜனோடு கூடி எரிந்து கார்பன்-டை-ஆக்சைடு ஆகிறது. இது எரிதல், அதே சமயம் சேர்க்கையும்கூட. ஒரே சமன்பாடு இரண்டு பெட்டிகளில் உட்காரும் என்பதைப் பாடநூல் அடக்கி வாசிக்கிறது. எரிதலில் கிடைத்த வெப்பம் ஏறத்தாழ 900 பாகை செல்சியசை எட்டும்போது சிப்பி சிதைகிறது. 100 கிராம் கார்பனேட்டிலிருந்து 44 கிராம் கார்பன்-டை-ஆக்சைடாகப் பறந்துபோக, 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். காளவாயிலிருந்து எடுத்த சிப்பி உருக்குலையாமல், ஆனால் கையில் பாதி எடையாகத் தெரிவது இதனால்தான்.

எடை குறைகிறது என்ற இந்த எளிய செய்திக்கு வேதியியல் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. சுட்ட சுண்ணாம்பின் காரமும் எரிச்சலும் நெருப்பிலிருந்து அதற்குள் புகுந்த ஏதோ ஒன்றால் வருவதாக ஐரோப்பிய வேதியியலாளர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் அதைத் தராசில் வைத்தார். 1754-இல் மருத்துவப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வையும் அதை விரித்து 1756-இல் வெளியிட்ட கட்டுரையையும் சேர்த்துப் படித்தால் முடிவு தெளிவு: நெருப்பு எதையும் சேர்க்கவில்லை, ஒரு காற்றை வெளியேற்றியது, அவ்வளவுதான். அந்தக் காற்றைத் திரும்பக் கொடுத்தால் சுண்ணாம்பு மறுபடி பழைய சாதுவான பொருளாகிவிடும். வாயுக்களைத் தனித்தனிப் பொருள்களாகப் பார்க்கும் வழக்கம் தொடங்கியது ஏறக்குறைய இங்கிருந்துதான். சிதைவு வினை என்ற பாடத்துக்குச் சுண்ணாம்புக்கல்லை முதல் உதாரணமாக வைப்பது தற்செயல் அல்ல.

சுட்ட சுண்ணாம்பை அப்படியே கலயத்தில் தடவ முடியாது, நீற்ற வேண்டும். தண்ணீர் விட்டவுடன் கொதித்துப் பொங்கி, சிப்பி தானாகவே வெடித்துத் தூளாகும். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் நீரைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு 74 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. மிகுந்த வெப்பத்தை வெளியிடும் சேர்க்கை வினை இது. நீற்றும் பானையின் அருகே குழந்தைகளை விடக்கூடாது என்ற வீட்டுக் கண்டிப்புக்கு, கண்ணில் தெறித்தால் பார்வையே போகும் என்ற அனுபவம் காரணம். என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதல் பாடத்தில் சேர்க்கை வினைக்கு இதுவே சோதனை. வெள்ளையடித்த சுவர் இரண்டு மூன்று நாளில் பளபளப்பதற்கான காரணமும் அங்கேயே வருகிறது: ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து கார்பன்-டை-ஆக்சைடை மெல்ல எடுத்துத் திரும்பவும் கார்பனேட் ஆகிறது. காளவாயில் பறந்துபோனது சுவரில் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆனால் இந்தக் கடைசி வினை எந்த வகை என்று கேட்டால் நல்ல மாணவரும் தடுமாறுவார். இரண்டு பொருள் சேர்ந்து ஒன்றாகவில்லை, நீரும் வெளியே வருகிறது. எதுவும் எதையும் இடம்பெயர்க்கவும் இல்லை. காரமும் அமிலத்தன்மையுள்ள ஆக்சைடும் ஒன்றையொன்று நடுநிலையாக்குகின்றன என்பதே சரியான விடை. அதற்கு ஐந்து பெட்டிகளில் இடமில்லை.

தமிழில் வேதியியலுக்குப் பாடநூல் வந்ததிலும் இந்த வட்டாரத்துக்கு ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபிஷ் கிறீன் மேற்பார்வையில் உருவான ‘கெமிஸ்தம்’ 1875-இல் நாகர்கோவிலில் அச்சானது. அது அச்சேறிய ஊருக்கு ஒரு நாள் நடைக்குள், கருப்பட்டி காய்ச்சும் குடில்களான விடிலிகளில் அக்கானி கொதித்துக்கொண்டிருந்தது.

பாளையிலிருந்து சொட்டும்போது அக்கானி கிட்டத்தட்ட வெறும் சர்க்கரைநீர். நூற்றில் பத்துப் பன்னிரண்டு பங்கு சுக்ரோஸ், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஆனால் பாளையிலும் காற்றிலும் கலயத்திலும் ஈஸ்டும் பாக்டீரியாவும் காத்திருக்கின்றன. வெயில் ஏறுவதற்குள் அவை வேலையைத் தொடங்கிவிடும். முதலில் சுக்ரோஸ் நீரோடு வினைபுரிந்து குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் உடைகிறது. இது நீராற்பகுப்பு. பிறகு ஈஸ்ட் அந்தச் சர்க்கரைகளை ஆல்கஹாலாகவும் கார்பன்-டை-ஆக்சைடாகவும் மாற்றுகிறது. கள்ளில் நுரை வருவது இந்த வாயுவால். கள்ளை மேலும் வைத்தால் அசிட்டிக் பாக்டீரியா காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கும். அது காடி.

நொதித்தலைப் பள்ளிச் சமன்பாடாக எழுதினால் சிதைவு வினை போலத் தெரியும். ஒரு குளுக்கோஸ் இரண்டு ஆல்கஹாலாகவும் இரண்டு கார்பன்-டை-ஆக்சைடாகவும் பிரிகிறது. 180 கிராம் சர்க்கரைக்கு 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் வாயு. எலக்ட்ரான் கணக்குப் பார்த்தால் கதை வேறு. குளுக்கோசில் கார்பனின் சராசரி ஆக்சிஜனேற்ற எண் பூச்சியம். வாயுவில் போகும் இரண்டு கார்பன் அணுக்களுக்கு நேர் 4, ஆல்கஹாலில் தங்கும் நான்கு அணுக்களுக்கு சராசரியாக எதிர் 2. ஒரு பக்கம் கூட்டினால் 8, மறுபக்கம் கூட்டினாலும் 8. ஒரே சர்க்கரையின் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றமும் மறுபகுதி ஒடுக்கமும் அடைகின்றன. பொருள்கள் எப்படி இடம் மாறின என்று பார்த்தால் ஒரு வகை, எலக்ட்ரான்கள் எங்கே போயின என்று பார்த்தால் இன்னொரு வகை. இரண்டும் தனித்தனிப் பிரிவுமுறைகள் என்பதைச் சொல்லாமல் ஒரே பட்டியலில் எழுதுவதால்தான் மாணவர்களுக்குக் குழப்பம் வருகிறது.

வினைக்கு முன்னும் பின்னும் எடை மாறாது என்ற விதியைப் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே தெளிவாக வகுத்துச் சொன்ன இடமும் நொதித்தலைப் பற்றிய அத்தியாயமே. 1789-இல் வெளிவந்த அவருடைய பாடநூலில், திராட்சைச் சாற்றில் என்ன இருந்ததோ அதுவே ஆல்கஹாலும் கார்பானிக் அமிலமுமாக (கார்பன்-டை-ஆக்சைடுக்கு அவர் வைத்த பெயர்) வெளிவர வேண்டும் என்ற கணக்கில் அந்த விதி வருகிறது. பிளாக்குக்குச் சுண்ணாம்பு, லவாய்சியேவுக்குச் சாராயச்சாறு: நவீன வேதியியலின் இரண்டு அடிக்கற்கள் பனையேறியின் இரண்டு கவலைகளோடு ஒத்துப்போகின்றன.

சுண்ணாம்பு இந்த முழு வரிசையையும் தொடக்கத்திலேயே தடுக்கிறது. சுண்ணாம்பு நீரின் பி.எச். ஏறக்குறைய 12.4 வரை போகும். அந்தக் காரத்தில் ஈஸ்டும் பெரும்பாலான பாக்டீரியாக்களும் தலையெடுக்க முடியாது. அதையும் மீறி உருவாகும் லாக்டிக், அசிட்டிக் அமிலங்களைச் சுண்ணாம்பு நடுநிலையாக்கிக் கால்சியம் உப்பாகவும் நீராகவும் மாற்றிவிடும். அமிலமும் காரமும் தங்கள் பங்காளிகளை மாற்றிக்கொள்வதால் பாடநூல் இதை இரட்டை இடப்பெயர்ச்சியில் சேர்க்கும். குறைவாகத் தடவினால் சாறு புளிக்கும்; அதிகமானால் காரச்சுவை ஏறி, கருப்பட்டி கறுத்துப்போகும், ஏனெனில் காரத்தில் குளுக்கோசும் ஃபிரக்டோசும் சிதைந்து பழுப்பு நிறப் பொருள்களாகின்றன. எவ்வளவு போதும் என்பதைப் பனையேறி நாக்கால் அறிந்தார். பள்ளி ஆய்வகத்தில் மஞ்சள் தாள் அந்த வேலையைச் செய்யும். காரம் பட்டால் சிவக்கும்.

ஒரு விரல் சுண்ணாம்பு பிற்காலத்தில் சட்டப் பிரச்சினையும் ஆனது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. பதநீருக்கு அனுமதி உண்டு. கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்குகின்றன. களியக்காவிளைப் பக்கத்துப் பனையில் சுண்ணாம்பில்லாத கலயம் குற்றத்துக்குச் சான்று. அதே கலயம் பாறசாலைப் பக்கத்தில் உரிமம் இருந்தால் தொழில்.

அக்கானியை விடிலியில் காய்ச்சுவது பெண்களின் வேலையாக இருந்தது. பெரிய பாத்திரத்தில் ஊற்றி, பனையோலையும் மட்டையும் விறகுமாக எரித்து, பல மணி நேரம் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் அக்கானி வேண்டும் என்றால், மிச்சத் தண்ணீர் எல்லாவற்றையும் ஆவியாக்க எவ்வளவு விறகு எரிந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பொங்கி வழியும்போது சிறிது ஆமணக்கு அரைத்துப் போடுவார்கள். எண்ணெய் நுரையை அடக்கும். கொதிப்பு 110 பாகையைத் தாண்டும்போது பாகு பதம் வரும். அதைச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் அரைக்கோளக் கருப்பட்டி. பதத்துக்கு முன் இறக்கினால் கூப்பனி.

காய்ச்சலில் பெரும்பகுதி வேதிவினையே அல்ல, நீர் ஆவியாதல் மட்டுமே. வேதியியல் நடப்பது அதன் ஓரங்களில். சாறு புளித்திருந்தால் சூட்டில் அமிலம் சுக்ரோசை உடைத்துவிடும். உடைந்த சர்க்கரை படிகமாகாது, கருப்பட்டி கட்டியாகாமல் இளகிக் கிடக்கும். காலையில் தடவிய சுண்ணாம்பின் பலன் மாலையில் சிரட்டையில் தெரியும். கருப்பட்டியின் நிறத்துக்கும் மணத்துக்கும் காரணமான வினைகளோ, சர்க்கரை கருகுவதும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடுவதுமாக நூற்றுக்கணக்கில் பின்னிக் கிடப்பவை. அவற்றை ஒற்றைச் சமன்பாட்டில் எழுத முடியாது. ஆகவே பாடநூல் தொடுவதில்லை. இந்த வட்டாரத்தின் மிகச் சுவையான வினை தேர்வில் வராது.

பனங்கற்கண்டுக்குச் சுண்ணாம்பை முன்கூட்டியே நீக்கியாக வேண்டும். இதற்கு இப்போது சூப்பர் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். அதிலுள்ள பாஸ்பேட்டும் சாற்றிலுள்ள கால்சியமும் கூடிக் கரையாத கால்சியம் பாஸ்பேட்டாக அடியில் படியும். மேலே தெளிந்ததை வடித்துக் காய்ச்சுவார்கள். வீழ்படிவு தரும் வினைக்குப் பாடநூல் சில்வர் நைட்ரேட்டைத் தேடிப் போகிறது. விடிலியில் அது உர மூட்டையோடு வந்துவிடுகிறது.

கருப்பட்டிக்குள் சுண்ணாம்பு போனது போலவே சுண்ணாம்புக்குள் கருப்பட்டியும் போனது. பழைய கட்டடக் காரையில் கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் ஊற்றிப் பல நாள் ஊறவைத்து அரைப்பது தென்னிந்திய வழக்கம். காரை இறுகுவதற்குக் கார்பன்-டை-ஆக்சைடு வேண்டும், தடித்த சுவருக்குள் காற்று மெல்லத்தான் நுழையும். சர்க்கரைச் சாறு நொதிக்கும்போது வெளிவரும் வாயு உள்ளிருந்தே கார்பனேட் உருவாக உதவுகிறது என்று இன்றைய ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். கலயத்தில் எந்த வாயு வரக்கூடாது என்று சுண்ணாம்பு தடவினார்களோ, காரையில் அதையே வரவழைத்தார்கள். எல்லைக்குக் கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் கறுத்த பளபளப்பான தரையில் சுண்ணாம்போடு சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் கலந்ததாகச் சொல்லப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் பனையின் இடத்தைப் பல ஊர்களில் ரப்பர் பிடித்தது. காட்டாக்கடைப் பக்கத்து மேட்டுநிலங்களில் இது நன்றாகத் தெரியும். பனைத்தொழிலைக் காக்கக் கேரள அரசு 1985-இல் பனைப்பொருள் வளர்ச்சிக்கும் தொழிலாளர் நலனுக்கும் ஒரு கழகத்தைத் தொடங்கியது. ஆனால் ஏறுவதற்கு ஆளில்லாத மரத்தைக் கழகத்தால் என்ன செய்துவிட முடியும். கருப்பட்டி வார்த்த சிரட்டை ரப்பர் மரத்தில் பால் பிடிக்கத் தொங்கியது. வேலையும் தூரத்து உறவு போன்றதே: விடியலில் மரத்தைச் சீவி, வடிவதைப் பிடித்து, புளிப்பதற்குள் பதப்படுத்துவது. ரப்பர் பாலிலும் பாக்டீரியா அமிலம் சுரக்கும், பால் தானாகவே திரியும். சிரட்டையிலேயே உறைந்தால் அது ஒட்டுப்பால், விலை குறைவு. பாலாகவே வைக்க வேண்டுமென்றால் அம்மோனியா சேர்த்துக் காரமாக்குவார்கள், அக்கானிக்குச் சுண்ணாம்பு போல. தகடாக்க வேண்டுமென்றால் நேர்மாறாக ஃபார்மிக் அமிலத்தை நீரில் கலந்து ஊற்றுவார்கள். ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரதத்தின் எதிர்மின்னேற்றத்தை அமிலம் போக்கிவிட, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தயிர்போல் உறையும். இதுவும் ஐந்து வகைகளில் அடங்காது. இது கூழ்மம் உறைதல்.

எஞ்சியிருப்பது ஒற்றை இடப்பெயர்ச்சி. அதையும் ரப்பர்த் தோட்டமும் பாக்குத் தோட்டமும் தந்தன. மழைக்காலத்தில் ரப்பரில் இலையுதிர் நோயும் கமுகில் மகாளி நோயும் வராமல் இருக்கப் போர்டோ கலவை தெளிப்பார்கள். பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சைக்காகத் தாவரவியலாளர் மியார்தே 1885-இல் அறிமுகப்படுத்திய மருந்து இது. ஒரு கிலோ துரிசு, அதாவது காப்பர் சல்பேட், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். சுண்ணாம்புப் பாலில் துரிசுக் கரைசலை ஊற்றினால் வான்நீலக் கூழாக காப்பர் ஹைட்ராக்சைடு சார்ந்த வீழ்படிவு உண்டாகும், இரட்டை இடப்பெயர்ச்சி. சுண்ணாம்பு குறைந்தால் கரைந்த தாமிரம் மிஞ்சி இலையைக் கருக்கிவிடும். சரிபார்க்கத் தோட்டக்காரர் செய்வது எளிது: துடைத்த இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் முக்கி எடுப்பது. பளபளப்பு மாறாவிட்டால் சரி. செம்பு நிறம் படிந்தால், இரும்பு கரைந்து தாமிரத்தை வெளியேற்றியிருக்கிறது என்று பொருள். இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். பாடநூலில் இரும்பு ஆணியைக் காப்பர் சல்பேட்டில் போடும் சோதனை இதுவேதான். அங்கே நிறம் மாறினால் சோதனை வெற்றி. தோட்டத்தில் நிறம் மாறினால் மருந்து பிழை.

இரும்புத் தாமிர வினையில் கரைசலின் நீலம் வெளிறுவதும் இரும்பின் மேல் படிவு வருவதும் அடையாளம். நீற்றுதலில் சூடு, நொதித்தலில் வாயு, பாஸ்பேட்டில் வீழ்படிவு, நடுநிலையாக்கலில் சுவை மாற்றம். வினை நடந்ததை அறிய இந்த அடையாளங்கள் போதும். எந்த வகை என்று சொல்ல முன்னும் பின்னும் இருந்த பொருள்கள் தெரிய வேண்டும். பனையேறிக்கும் தோட்டக்காரருக்கும் முதலாவது போதுமாக இருந்தது. இரண்டாவதற்குத்தான் சமன்பாடு.

தெளித்த போர்டோ கலவை காய்ந்த பிறகு இலைமேல் மிஞ்சும் சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன்-டை-ஆக்சைடை எடுத்து, சுவரில் நடந்தது போலவே, கார்பனேட்டாகிறது. அடுத்தடுத்த மழைகளில் தாமிரம் சிறிது சிறிதாகக் கரைந்து பூஞ்சையின் வித்துகளைக் கொல்கிறது; கரைந்து தீரும் முன் அடுத்த தெளிப்புக்குத் துரிசும் சுண்ணாம்பும் வாங்கிவைக்க வேண்டும்.